செயினுக்கு எண்ணெய் விடுவது

கவிதை பற்றி நாற்பது வருஷங்களுக்கு மேல் எழுதியிருக்கிறேன். அதில் எவ்வளவு தேறும் என்று எனக்கே சந்தேகம் உண்டு. மோட்டார் சைக்கிள் செயினைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அது முழுக்கத் தேறும். எழுத்தாளர்களுக்கு நடுவில் இதைச் சொல்வது ஒரு தினுசு பாவனையாகப் படக்கூடும். கையில் கிரீஸ் படிந்த இலக்கியவாதி என்கிற படிமத்துக்கு நம்மிடையே ஒரு மவுசு இருந்திருக்கிறது. ராபர்ட் பிர்சிக் 1974இல் வெளியிட்ட புத்தகத்தை எண்பதுகளில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி அட்டை கிழியும்வரை படித்தவர்கள் நாங்கள். படித்தவர்களில் பாதிப் பேருக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. நான் சொல்ல வந்தது அந்தப் புத்தகத்தின் விஷயம் அல்ல. பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில், 1984ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது. ஆனால் முதலில் செயினைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு செயின் ஒரே பொருள். ஓடுகிற ஒரு வார். உண்மையில் அது சிறு கதவுக்கீல்களின் வரிசை. இரண்டு உள்தகடுகளை இரண்டு சிறு குழாய்கள் சேர்த்துப் பிடித்திருக்கும்; அதற்குப் பெயர் புஷ். புஷ்ஷின் மேல் தளர்வாக ஓர் உருளை சுற்றும். பக்கத்துக் கண்ணியின் வெளித்தகடுகளில் இறுக்கி அடித்த பின், இந்தப் புஷ்ஷுக்குள் நுழைந்து திரும்பும். செயின் பல்சக்கரத்தில் ஏறி வளையும்போதும் இறங்கி நிமிரும்போதும் ஒவ்வொரு கீலும் ஒருமுறை திறந்து மூடுகிறது. புல்லட்டின் செயினில் இப்படித் தொண்ணூறுக்கு மேல். ஹான்ஸ் ரெனால்ட் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1873இல் மான்செஸ்டருக்கு வந்தார். நெசவு இயந்திரங்களுக்குச் செயின் செய்துகொண்டிருந்த ஒரு சிறு பட்டறையை 1879இல் விலைக்கு வாங்கினார். மறு வருஷம் 1880இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய செயின்களில் பின்னின் பாரம் முழுவதும் தகட்டுத் துளையின் மெல்லிய விளிம்பில்தான் விழுந்தது. துளை சீக்கிரம் கிழிந்துபோகும். அவர் செய்ததெல்லாம் நடுவில் ஒரு குழாயை வைத்து பாரத்தை அதன் நீளத்துக்குப் பரப்பியதுதான். நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேலாகியும் அடிப்படையில் மாறவில்லை. நம் யாப்புக்கூட இவ்வளவு நிலையாக இருந்ததில்லை.

எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பட்டறைக்காரர். பெயர் வேண்டாம், அண்ணாச்சி என்றால் போதும். அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் எல்லாருமே அண்ணாச்சிதான். திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட்டுகளைத் தவிர வேறு எதையும் அவர் வண்டி என்று ஒப்புக்கொண்டதில்லை. செயின் விஷயத்தில் கோயமுத்தூர் ரோலானை மட்டும் மதிப்பார். ஒருநாள் என் நண்பர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், செயின் நீண்டுவிட்டது என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“செயின் நீளுதுன்னு எல்லாவனும் சொல்லுதான் தம்பி. இரும்பு எப்பிடி நீளும்? தேயுது. தேயுறது உள்ளுக்குள்ள. வெளிய நீளமாத் தெரியுது, அவ்வளவுதான்.”

கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. கண்ணிக்குக் கண்ணி ஐந்தெட்டு அங்குலம். ஒவ்வொன்றிலும் பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்ந்து ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இடைவெளி கூடியிராது. தொண்ணூறு கண்ணிகளில் அது சேர்ந்து ஓர் அங்குலத்தைத் தாண்டிவிடும். நூற்றுக்கு இரண்டு. அதோடு செயினின் ஆயுள் முடிந்தது. பின்சக்கரத்துப் பல்லில் படிந்திருக்கிற செயினைப் பின்பக்கமாக இழுத்துப் பார்க்க வேண்டும். பல் பாதி தெரிந்தால் கழற்றி எறிய வேண்டியதுதான். புதுச் செயினைப் பழைய பல்சக்கரத்தில் மாட்டுவது இன்னும் மோசம். தேய்ந்த பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருக்கும். புதுசைச் சில மாதங்களிலேயே பழசுக்குச் சமமாக்கிவிடும்.

ஆகவே எண்ணெய் போகவேண்டிய இடம், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். அதற்கு வழி ஒன்றுதான் உண்டு: உள்தகடும் வெளித்தகடும் அடுத்தடுத்து நிற்கிற அந்த மயிரிழைச் சந்து. வண்டிக்காரர்கள் பெரும்பாலும் உருளைகளின் மேல் தாராளமாக ஊற்றி, செயின் பளபளப்பதைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். அது பத்து மைல் தாண்டுவதற்குள் சக்கர விளிம்பிலும் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வேட்டியிலும் போய்ச் சேர்ந்துவிடும். வண்டி ஓடி வந்து நின்றதும், செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ச்செயினின் உள்பக்கத்தில், தகட்டுச் சந்தில் சந்துக்கு ஒரு சொட்டாக விட வேண்டும். உள்பக்கத்தில் விட்டால் சுழற்சியின் வேகம் அதை வெளிநோக்கித் தள்ளும்போது சந்து வழியாக உள்ளே கொண்டுபோகும். வெளிப்பக்கத்தில் விட்டது பறந்துவிடும். பிறகு இரவு முழுக்க வண்டியைத் தொடக்கூடாது. காலையில் வெளியில் நிற்கிற எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும். இது முக்கியம். வெளியில் நிற்கிற எண்ணெய் தூசியைப் பிடிக்கும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் வால்வு தேய்க்கிற பசையேதான். நாங்கள் திசையன்விளை, உவரிப் பக்கம் போய்விட்டு வந்தால் தேரி மணல் செயினில் செந்தூரம் பூசியதுபோல் அப்பியிருக்கும். அதன் மேலேயே எண்ணெய் விடுகிறவனை அண்ணாச்சி பேசமாட்டார், பார்ப்பார்.

இஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைச் செயினுக்கு விடுவது அப்போது பொது வழக்கம். காசு மிச்சம். அதில் இஞ்சினின் தேய்ந்த உலோகப் பொடி இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அண்ணாச்சி கியர்ப்பெட்டிக்குப் போடுகிற தொண்ணூறாம் நம்பர் ஆயில்தான் தருவார், ஒரு பழைய மருந்துக் குப்பியில்.

வண்டி நண்பருடையது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவரிடம் 1982இல் வாங்கினார். நாங்கள் நடத்திய பத்திரிகை முந்நூறு பிரதி. ட்ரெடிலில் அச்சாகி வரும். நாகர்கோவிலுக்கும் தூத்துக்குடிக்கும் கட்டுகளை அந்த வண்டியில்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளும்போது அவர் சத்தமாக ஏதாவது சொல்லிக்கொண்டு வருவார். பாதி காற்றில் போய்விடும். மீதியை நான் அடுத்த டீக்கடையில் கேட்டுக்கொள்வேன். அவருடைய நீண்ட கவிதைகளில் சில அப்படி முதலில் காற்றில் சொல்லப்பட்டவைதான். முதல் தொகுப்பில் அறுபது எழுபது வரிக் கவிதைகள் நான்கைந்து உண்டு. மூச்சு விடாமல் போகும். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி எழுதுவது நாகரிகமாக இருக்கவில்லை. நான் அதைக் கண்டித்திருக்கிறேன். ‘அநாவசிய விரிவு’ என்பது என் பிரயோகம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு செயினுக்கு. மழைக்காலத்தில் இரண்டு. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, கொடியில் தொங்கவிடுவோம். ஒரு முறை அண்ணாச்சி சொன்ன பழைய முறையையும் செய்து பார்த்தோம். ஒரு தகர டப்பாவில் கிரீஸை உருக்கி, சுத்தம் செய்த செயினை வட்டமாகச் சுருட்டி அதில் இறக்கி, நீர்போல் இளகிய கிரீஸ் உள்ளே புகும்வரை விட்டு, பிறகு எடுத்துத் தொங்கவிடுவது. ஆறும்போது உள்ளேயே உறைந்துகொள்ளும். முறை நல்ல முறை. ஆனால் நாங்கள் அதை என் அம்மாவின் சமையலறை ஸ்டவ்வில் செய்தோம். அந்த வாசனை மூன்று நாள் சாம்பாரில் இருந்தது.

எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற ஒருவர் துடைக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. அதனாலேயே பேச்சு வளரும். எங்கள் விமர்சனக் கருத்துகளில் பாதி அந்த வாசலில் உருவானவை. இன்று அவற்றைப் படிக்கும்போது நிதானமாக இருப்பவையெல்லாம் சக்கரம் சுற்றியபோது பேசியவை என்று எனக்குத் தோன்றும். அது பிரமையாகவும் இருக்கலாம்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை முந்தின நாள் இரவு மழை. செயின் முழுக்கச் சகதி. அவர் மனைவி பிரசவத்துக்காக அம்பாசமுத்திரத்தில் தாய்வீட்டில் இருந்தார். நண்பர் சாப்பாடெல்லாம் என் வீட்டில்தான். மறுநாள் இதழ் தபாலில் போக வேண்டும், ரேப்பர் ஒட்டுகிற வேலை அப்படியே கிடந்தது. எஞ்சினைக் கிளப்பி முதல் கியரில் போட்டால் சக்கரம் தானாகச் சுற்றும், துணியைப் பிடித்தால் போதும், ரெண்டு நிமிஷ வேலை என்று சொன்னது நான்.

“அண்ணாச்சி வேண்டாம்னு சொன்னாருலா ஓய்,” என்றார்.

“அவரு சொல்லத்தான் செய்வாரு. நீரு பிடியும்.”

நான் ஸீட்டில் ஏறி உதைத்தேன். அவர் இடது பக்கம் குந்தி உட்கார்ந்து, பழைய வேட்டித் துணியை மடித்து வலது கையால் கீழ்ச்செயினைப் பிடித்தார். மெதுவாகத்தான் சுற்றியது. மெதுவாகச் சுற்றுவதால் பயம் ஒன்றுமில்லை என்று தோன்றும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றுகிற கியரில்தான் பலம் அதிகம். கீழ்ச்செயின் பின்சக்கரத்தை நோக்கி ஓடுவது. அதில் படுகிற எதையும் அது பல்லுக்கு எடுத்துக்கொண்டு போகும். அவர் அப்போது புரூஃபில் இருந்த தன் கவிதையில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் என்று முன்னால் பார்த்தபடி பதில் சொன்னேன். செயினை இணைக்கிற லாக்கில் துணியின் நூல் ஒன்று மாட்டியிருக்க வேண்டும்.

அவர் கத்தவில்லை. ‘ஓய்’ என்றார், கூப்பிடுவதுபோல. நான் கிளட்சைப் பிடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மூடினேன். அதுதான் கைக்கு முதலில் வந்தது. ஏற்கெனவே மூடியிருந்ததை மூடினேன். பிறகுதான் கிளட்ச். அதற்குள் சக்கரம் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. விரலை எடுக்க, சக்கரத்தைப் பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அதைக் கையால் நான் திருப்பினேன்.

வலது கை ஆள்காட்டி விரல். மேல் கணுவரை டாக்டர் எடுத்துவிட்டார். வேறு வழியில்லை என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ விசாரித்ததற்கு “கதவுல நசுங்கிட்டு” என்று சொன்னார் நண்பர். என்னைப் பார்த்து அல்ல. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆபீஸிலும் கதவு. நம் வட்டத்தில் இன்று எழுபதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கதவு நினைவிருக்கும். அண்ணாச்சிக்கு மட்டும், செயினைத் திரும்ப மாட்டக் கொண்டுபோனபோது, சொல்லாமலே தெரிந்துவிட்டது. என்னிடம் பிறகு வெகுநாள் பேசவில்லை. அவரிடம்கூட நான் சொன்னேன் என்று சொல்லவில்லை.

இரண்டாவது தொகுப்பு 1987இல் வந்தது. எட்டு வரிக்கு மேல் ஒரு கவிதை கிடையாது. பெரும்பாலும் நான்கு வரி. நான் எங்கள் பத்திரிகையிலேயே பதினோரு பக்கம் எழுதினேன். சொற்களைத் துறக்க அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்று எழுதினேன். முதல் தொகுப்பின் பிரவாகத்திலிருந்து இந்த இறுக்கத்துக்கு வந்தது ஒரு பிரக்ஞையின் முதிர்ச்சி என்று எழுதினேன். அந்தக் கட்டுரையைச் சிலர் இன்றும் குறிப்பிடுகிறார்கள். எனக்குக் கிடைத்த கொஞ்சநஞ்சப் பெயரில் அதற்குப் பங்கு உண்டு. அவர் படித்துவிட்டு, “நல்லா வந்திருக்கு ஓய்,” என்றார். சிரித்தார் என்றும் நினைவு. 1991க்குப் பிறகு அவர் எழுதவில்லை. மௌனம் என்று அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தேன்.

அவர் 2016இல் காலமானார். மறு வருஷம் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழைய புல்லட்டுக்கு இப்போது நல்ல விலை. மகன் அதைச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. காப்பி கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “நாலு வரி எழுதுறதுக்குள்ள விரலு நுனி தெறிக்கும்பாங்க. அதோட பேனாவ வச்சிருவாங்க. உங்ககிட்ட சொல்லலையா அண்ணே?” இடது கையால் எழுதிப் பழகிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கங்களில் அ, ஆ. பிறகு தன் பெயர். பிறகு முதல் தொகுப்பிலிருந்த நீண்ட கவிதை ஒன்றை நகல் எடுத்திருந்தார், முழுதாக அல்ல. “அந்தக் கதவுல நசுங்கினதுலேர்ந்துதான் எல்லாம்,” என்றார். முப்பத்து மூன்று வருஷம் அவருக்கும் அது கதவுதான்.

நான் “ம்” என்றேன்.

கவிதையை ஆசிரியனின் வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை நான் வாழ்நாள் முழுக்க வாதாடி வந்திருக்கிறேன். பிரதியில் இல்லாதது எனக்கு வேண்டாம் என்று மேடையில் சொல்லியிருக்கிறேன். அந்த நிலையை இப்போது மாற்றிக்கொள்வது சௌகரியமான பிராயச்சித்தம். அதற்கு நான் தயாராக இல்லை. அந்த நான்கு வரிக் கவிதைகளைத் திரும்பப் படித்தேன். நல்ல கவிதைகள்தான். வலிக்கும்முன் முடித்துவிட வேண்டும் என்று தேர்ந்த சொற்கள், துறவினால் தேர்ந்த சொற்களைவிட எந்த விதத்தில் குறைவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் என் பதினோரு பக்கங்கள் பொய். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் பொய் இல்லை. மொத்தமாகப் பொய். அதை எழுதியபோது எனக்கு விரல் தெரியும். அதுதான் விஷயம். தெரியாதவன் எழுதியிருந்தால் அது விமர்சனம். பிரவாகமாக எழுத வேண்டாம் என்று முதலில் சொன்னதும் நான்தான் என்பது வேறு சேர்ந்துகொள்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. டைப்ரைட்டர் வாங்கியிருக்கலாமே, யாரையாவது எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே என்று நானே என்னிடம் கேட்டுக்கொண்டதுண்டு. கேட்கிற தொனியைக் கவனித்து நிறுத்திக்கொண்டேன். எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தால் என்னைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதைய வண்டிகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஆலையிலேயே கிரீஸை அடைத்து, தகடுகளுக்கிடையில் ரப்பர் வளையம் போட்டு மூடிவிடுகிறார்கள். 1970களில் வந்த முறை, நம் சாலைகளுக்கு வர நாளாயிற்று. கம்பி பிரஷ்ஷாலும் பெட்ரோலாலும் அந்த ரப்பரைக் கெடுக்காமல், வெளியில் துருப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஸ்ப்ரேயாக டப்பாவில் கிடைக்கிறது. என் அண்டை வீட்டுப் பையன் அடிக்கிறான், சென்ட் அடிப்பதுபோல. எஞ்சினை ஓடவிட்டு அடிக்கிறான். நான் மாடியிலிருந்து சத்தம் போட்டேன். கிழவனுக்கு எஞ்சின் சத்தம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அணைத்தான். எப்படியோ அணைத்தான்.

நான் பழைய மாதிரிச் செயினையே வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு. முழங்கால் மடங்குவதில்லை என்பதால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி மறு கையால் துடைக்கிறேன். ஒரு சுற்று முடிந்ததா என்பதை லாக் வருவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அதன் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும், மீன் தலையை முன்னால் வைத்து நீந்துவதுபோல. திருப்பி மாட்டினால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும். கீழ்ச்செயினில் அது பின்பக்கம் பார்த்து வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

இந்த இதழ் வந்ததும் ஒரு பிரதியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் மனைவிக்கு இந்தப் பத்திரிகையெல்லாம் படிக்கிற வழக்கம் இல்லை. நானேதான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். வண்டியில் போகலாம் என்றிருக்கிறேன். செயின் தொய்ந்திருந்தது. அச்சின் இரண்டு பக்கமும் நத்தைபோல் சுருண்ட தகட்டை ஒரே எண்ணிக்கை வெட்டு நகர்த்தி, நடுவில் ஓர் அங்குலம் ஆடுகிற அளவுக்கு வைத்துவிட்டேன். சக்கரம் பின்னால் நகர்ந்ததில் பிரேக் ராடு இறுகி, பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அதை இன்னும் தளர்த்தவில்லை.